மறைமலை நகரிலிருந்து கடலோரம்: ஒரு நாள் சைக்கிள் சுற்று

மறைமலை நகருக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நேர்க்கோட்டில் 25 கி.மீ. கூட இல்லை. ஆனாலும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பேட்டைகளை நம்பி இங்கே குடியேறியவர்களில் பலர் மாமல்லபுரத்தைப் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். தெற்கே செங்கல்பட்டு, கிழக்கே திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், வடக்கே கோவளம், மேற்கே கேளம்பாக்கம், வண்டலூர் என்று ஒரு வட்டம் போட்டால், ஷிப்ட் இல்லாத ஒரே நாளில் ஏரி, குன்று, பல்லவர் கோயில், மீனவக் குப்பம், உப்பளம் எல்லாவற்றையும் சைக்கிளில் சுற்றிவிட்டு இருட்டுவதற்குள் வீடு சேரலாம். மொத்தத் தூரம் ஏறத்தாழ 97 கி.மீ. மணிக்கு 15 முதல் 18 கி.மீ. வேகத்தில் மிதித்தால் சுமார் ஆறு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டியிருக்கும். மீதி நேரம் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் பார்ப்பதற்கும் உரியது.

சுற்றின் கட்டங்கள்

கீழே உள்ள தூரங்கள் தோராயமானவை. ஊருக்குள் எந்தத் தெருவில் நுழைகிறோம் என்பதைப் பொறுத்து ஓரிரு கிலோமீட்டர் கூடும் அல்லது குறையும்.

மறைமலை நகர் – செங்கல்பட்டு (ஜி.எஸ்.டி. சாலை): 13 கி.மீ.
செங்கல்பட்டு – திருக்கழுக்குன்றம்: 14 கி.மீ.
திருக்கழுக்குன்றம் – மாமல்லபுரம்: 15 கி.மீ.
மாமல்லபுரம் – கோவளம் (கிழக்குக் கடற்கரைச் சாலை): 19 கி.மீ.
கோவளம் – கேளம்பாக்கம்: 5 கி.மீ.
கேளம்பாக்கம் – வண்டலூர்: 18 கி.மீ.
வண்டலூர் – மறைமலை நகர் (ஜி.எஸ்.டி. சாலை): 13 கி.மீ.

இதே வட்டத்தைத் தலைகீழாகவும் சுற்றலாம். எந்தப் பக்கம் சுற்றுவது என்பதுதான் இந்தப் பயணத்தின் முதல் முடிவு, முக்கியமான முடிவும்கூட. அதைத் தீர்மானிப்பது காற்று.

காற்றும் காலமும்

இந்தக் கடலோரத்தில் சைக்கிளை மூச்சு வாங்க வைக்கும் மேடு கிடையாது. இங்கே காற்றுதான் மேடு. காற்றின் எதிர்ப்பு, வண்டியின் மீது அது மோதும் வேகத்தின் இருமடியாக உயர்கிறது. காற்றில்லாத நாளில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகும் ஒருவர், எதிரே 15 கி.மீ. வேகத்தில் வீசும் காற்றில் அதே வேகத்தைத் தக்கவைக்க நினைத்தால், காற்றை மட்டும் கணக்கிட்டாலே நான்கு மடங்கு விசையோடு தள்ள வேண்டும். 19 கி.மீ. கடற்கரைச் சாலையை இப்படிக் கடந்தவருக்கு, அதற்குப் பிறகு பார்க்கும் எதுவும் மனதில் பதியாது.

பொதுவாக நவம்பர் முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை வாடைக்காற்று வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வீசும். அந்த மாதங்களில் வண்டலூர் வழியாகக் கோவளம் போய், கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கி இறங்கி, திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாகத் திரும்புவது சுலபம். பிப்ரவரி கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தெற்கத்திக் காற்று ஓங்கியிருக்கும். அப்போது செங்கல்பட்டு, மாமல்லபுரம் வழியாகப் போய்க் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கி மிதிக்க வேண்டும். இரண்டு வழியிலும் ஒரு நன்மை பொதுவானது. நண்பகலுக்குள் தரை சூடேறியதும் கடற்காற்று கரை ஏறத் தொடங்கும். பிற்பகலில் மேற்கு நோக்கித் திரும்பும்போது அது முதுகுப் பக்கம் வந்து தள்ளிவிடும்.

மிகச் சிறந்த காலம் டிசம்பர் பிற்பாதி முதல் பிப்ரவரி முடிய. மழை ஓய்ந்திருக்கும், ஏரிகள் நிறைந்திருக்கும், வயல்கள் பச்சையாக இருக்கும், கேளம்பாக்கம் கழிவெளியில் வலசைப் பறவைகள் இறங்கியிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும் காலம் என்பதால் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் புறப்படக் கூடாது. ஏப்ரல் முதல் ஜூன் வரை காலையில் மேற்கிலிருந்து தரைக்காற்று வீசும். கடற்காற்று தாமதமாகும் நாட்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்த மாதங்களில் முழுச் சுற்றைத் தவிர்த்து, காலை ஒன்பது மணிக்குள் முடிகிற குறுகிய பயணம் போவது நல்லது.

வண்டி

தரை சமமானது என்பதால் கியர் இல்லாத சாதாரண சைக்கிளே இந்தச் சுற்றுக்குப் போதும். கியர் வண்டி இருந்தால் மேம்பாலங்களிலும் எதிர்க்காற்றிலும் கால் வலி குறையும். வண்டியின் விலையை விட சீட்டின் உயரம் முக்கியம். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலின் அடிமட்டத்தில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்படியானால் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். சீட்டைத் தாழ்த்தி வைத்து 100 கி.மீ. மிதித்தால் முழங்கால் வலி நிச்சயம்.

முந்தின நாள் மாலையே பிரேக் கட்டைகள், செயின், இரு சக்கரங்களின் நட்டுகள், ஸ்போக்ஸ் கம்பிகள் ஆகியவற்றைச் சரிபார்த்துவிட வேண்டும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால், ரிம் பக்கவாட்டில் ஆடுகிறதா என்பது பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியில் தெரிந்துவிடும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவுக்கு மேல் காற்று அடைக்கக் கூடாது. வெயிலில் சாலை கொதிக்கும்போது உள்ளே காற்று விரியும்.

எடுத்துப்போக வேண்டியவை: ஒரு மாற்று டியூப், பேட்ச், சொல்யூஷன், உப்புத்தாள், இரண்டு டயர் லீவர், கைப் பம்ப், வண்டிக்குப் பொருந்தும் ஸ்பானர் அல்லது அலன் கீ, முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. ஊருக்கு ஊர் பஞ்சர் கடை உண்டு. ஆனால் விடியற்காலையில் அவை திறந்திருக்காது.

ஜி.எஸ்.டி. சாலையில் வரும் பஞ்சருக்கு ஒரு தனி முகம் உண்டு. வெடித்த லாரி டயர்களிலிருந்து சிதறிய நூல் போன்ற எஃகுக் கம்பித் துண்டுகள் சாலை ஓரத்து மண்ணில் கலந்து கிடக்கும். அவை டயரைத் துளைத்து உள்ளே நின்றுவிடும், வெளியே கண்ணுக்குத் தெரியாது. டியூபை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பினால் ஐந்தாவது கிலோமீட்டரில் மறுபடியும் காற்று இறங்கும். அதனால் டியூபைக் கழற்றியதும் டயரின் உட்புறம் முழுவதையும் ஒரு பருத்தித் துணியால் மெதுவாகத் துடைக்க வேண்டும். கம்பி இருக்கும் இடத்தில் துணியின் நூல் சிக்கி இழுக்கும். அங்கே டயரை வெளிப்புறமாக வளைத்தால் கம்பியின் முனை தலைகாட்டும். நகத்தாலோ சிறு இடுக்கியாலோ அதைப் பிடுங்கிய பிறகே புது டியூபைப் போட வேண்டும். கிராமச் சாலைகளில் கம்பிக்குப் பதில் சீமைக் கருவேல முள் இதே வேலையைச் செய்யும். அதற்கும் இதே வைத்தியம்தான்.

முதல் கட்டம்: ஜி.எஸ்.டி. சாலை

தெற்கே போவதானாலும் வடக்கே போவதானாலும் நாளின் முதல் 13 கி.மீ. ஜி.எஸ்.டி. சாலைதான். சுற்றில் அபாயம் மிகுந்த பகுதியும் அதுவே. விடிவதற்கு முன்பே, ஐந்து மணி வாக்கில் புறப்பட்டால் இந்தப் பகுதியை நெரிசல் தொடங்குமுன் கடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் கம்பெனிப் பேருந்துகளின் ஓட்டம் குறைந்திருக்கும். மற்ற நாட்களில் ஷிப்ட் மாறும் நேரத்தைத் தவிர்த்துக் கிளம்ப வேண்டும்.

தெற்கு நோக்கிப் போனால் முதலில் வருவது சிங்கப்பெருமாள் கோயில். குன்றைக் குடைந்து அமைத்த நரசிம்மர் கோயிலால் ஊருக்கு இந்தப் பெயர். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகும் கண்டெய்னர் லாரிகள் திரும்பும் இடமும் இதுவே. லாரியின் இடப்பக்கத்தில், ஓட்டுநரின் கண்ணாடிக்குத் தெரியாத இடத்தில் சைக்கிள் நிற்கவே கூடாது. லாரி திரும்பி முடிக்கும் வரை பின்னால் நிற்பதே சரி. பிறகு மகேந்திரா சிட்டி, பரனூர் சுங்கச்சாவடி தாண்டி, செங்கல்பட்டை நெருங்கும்போது கொளவாய் ஏரி தெரியும். விடியும் நேரத்தில் அதன் கரையில் சற்று நின்று போகலாம். 2019 நவம்பரில் தனி மாவட்டமான செங்கல்பட்டின் தலைநகரம் இந்த ஊர். காலை உணவுக்கு இட்லி, பொங்கல் கிடைக்கும் கடைகள் பேருந்து நிலையத்தைச் சுற்றி இருக்கின்றன.

இரண்டாம் கட்டம்: திருக்கழுக்குன்றம் வழியாக

செங்கல்பட்டில் கிழக்கே திரும்பியதும் சாலையின் குணமே மாறிவிடும். லாரிகளின் இரைச்சல் அடங்கி, ஏரிக்கரை, நெல்வயல், பனைமரம், பாறைக் குன்று என்று காட்சி விரியும். திருத்தணியிலிருந்து அரக்கோணம், காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரை போகும் மாநில நெடுஞ்சாலை 58 இதுதான். நடுவே தடுப்பு இல்லாத சாலை என்பதால் எதிரே முந்திக்கொண்டு வரும் பேருந்தைக் கவனித்து ஓட்ட வேண்டும். அறுவடைக் காலத்தில் நெல்லைச் சாலையில் உலர்த்தியிருப்பார்கள். அதன் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும்.

திருக்கழுக்குன்றத்தின் அடையாளம் மலைமேல் இருக்கும் வேதகிரீசுவரர் கோயில். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். நாள்தோறும் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து உணவு பெற்றுச் சென்றதால் இதற்குப் பட்சி தீர்த்தம் என்றும் பெயர். வந்தவை மஞ்சள்முகப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு இனம். இப்போது அவை வருவதில்லை. அடிவாரத்து ஊரில் இருக்கும் சங்கு தீர்த்தக் குளத்தில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை சங்கு தோன்றும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. மலையேற ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. படியேறும் தசைகளும் பெடல் மிதிக்கும் தசைகளும் ஒன்றே என்பதால், முழுச் சுற்று போகிறவர்கள் அடிவாரத்திலேயே தரிசித்துவிட்டு மலையை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

இங்கிருந்து இரண்டு வழிகள். நேர்வழி கிழக்கே பூஞ்சேரி வழியாக மாமல்லபுரத்துக்கு 15 கி.மீ. கால்களில் தெம்பு இருப்பவர்கள் மாநில நெடுஞ்சாலையிலேயே தொடர்ந்து சதுரங்கப்பட்டினம் போய், அங்கிருந்து கடலோரமாக மாமல்லபுரம் வரலாம். அதனால் 13 கி.மீ. வரை கூடும். கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையும் அவர்களின் கல்லறைகளும் எஞ்சியிருக்கின்றன. 1782 பிப்ரவரி 17 அன்று ஆங்கிலேய, பிரெஞ்சுக் கப்பற்படைகள் மோதிக்கொண்டது இந்த ஊரை ஒட்டிய கடலில்தான்.

மூன்றாம் கட்டம்: மாமல்லபுரம்

மாமல்லபுரத்தில் எல்லாவற்றையும் பார்க்க ஒரு நாள் போதாது. சைக்கிளில் வருபவருக்கு இரண்டு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொண்டால், ஐந்து ரதங்கள், அர்ச்சுனன் தபசு, கடற்கரைக் கோயில் என்ற வரிசை பொருத்தமானது. ஒவ்வொன்றுக்கும் இடையே தூரம் குறைவு என்பதால் சைக்கிள் இங்கே மிகவும் வசதி. வண்டியை நுழைவாயில் அருகே ஆள் நடமாட்டம் இருக்கும் இடத்தில், அசையாத கம்பியோடு சேர்த்துப் பூட்ட வேண்டும்.

ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மன் காலத்தில் தொடங்கிய ஐந்து ரதங்கள், பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி இறக்கியவை. வேலை முழுமையடையாமல் நின்றுபோனதால், அடிப்பகுதிகளில் உளி விட்ட இடம் அப்படியே தெரியும். இரும்பையும் எந்திரத்தையும் கையாளும் தொழிலாளிக்கு, 1300 ஆண்டுகளுக்கு முந்தைய வேலைத்தலம் ஒன்றை நேரில் பார்க்கும் வாய்ப்பு இது. கடற்கரைக் கோயில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் காலத்தில் கற்களை அடுக்கிக் கட்டியது. 1984-இல் யுனெஸ்கோ இந்தச் சின்னங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இந்தக் கரையில் இழுப்பு நீரோட்டம் வலுவானது. அதனால் கடலில் இறங்கிக் குளிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

நான்காம் கட்டம்: கிழக்குக் கடற்கரைச் சாலை

மாமல்லபுரத்துக்கும் கோவளத்துக்கும் இடையே நடுத்தடுப்பு கொண்ட நான்கு வழிச் சாலை. தெற்கு நோக்கி வருபவருக்குக் கடல் இடப்பக்கம், அதாவது அவர் ஓட்டும் பக்கத்திலேயே இருக்கும். நினைத்த இடத்தில் இறங்கிக் கரைக்குப் போகலாம். வடக்கு நோக்கிப் போகிறவருக்குக் கடல் நடுத்தடுப்புக்கு அப்பால். ஒவ்வொரு இடத்துக்கும் தடுப்பில் இருக்கும் திறப்பு வரை போய்த் திரும்பி வர வேண்டும். அப்படிக் கடக்கும்போது சைக்கிளிலிருந்து இறங்கி உருட்டிக்கொண்டு கடப்பதே பாதுகாப்பு. தடுப்பு ஓரமாக எதிர்த்திசையில் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. இந்தச் சாலையில் காரும் மோட்டார் சைக்கிளும் போகும் வேகம் அப்படி.

மாமல்லபுரத்துக்கு வடக்கே சுமார் 5 கி.மீ. தொலைவில் சாளுவன்குப்பம். யாளித் தலைகள் சூழ்ந்த பல்லவர் காலப் புலிக்குகை இங்கே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமி மணலை அரித்துக்கொண்டு போனபோது அருகே கல்வெட்டுள்ள பாறை வெளிப்பட்டது. அந்தத் தடயத்தைப் பிடித்துத் தொல்லியல் துறை 2005-இல் அகழ்ந்ததில் பழைய செங்கல் முருகன் கோயிலின் அடித்தளம் கிடைத்தது. இரண்டும் அடுத்தடுத்து இருப்பதாலும், சவுக்கு நிழல் இருப்பதாலும் சைக்கிள் பயணி இளைப்பாற நல்ல இடம்.

அதைத் தாண்டினால் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம். வடநெம்மேலியில் 1976-இல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய முதலைப் பண்ணை. அந்த வளாகத்திலேயே, 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பாம்பு நஞ்சை எடுத்து, நஞ்சு முறி மருந்து தயாரிப்பவர்களுக்குத் தந்துவருகிறது. திங்கட்கிழமை பண்ணைக்கு விடுமுறை. அடுத்து திருவிடந்தை நித்தியகல்யாணப் பெருமாள் கோயில். கோவளத்தில் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரையும், மீனவக் குப்பமும், அலைச்சறுக்கு விளையாட்டும் ஒன்றாக இருக்கின்றன. மதிய மீன் சாப்பாட்டுக்கும் இரண்டு மணி நேர ஓய்வுக்கும் இந்தப் பாதையில் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. தெற்கு நோக்கி வருபவர் அந்த ஓய்வை மாமல்லபுரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கடலோரத்தில் சாலையின் ஓரங்களில் மணல் படிந்திருக்கும். அதன் மேல் திடீரெனத் திரும்பினாலும் முன் பிரேக்கை அழுத்தினாலும் வண்டி சரியும். வேகத்தைக் குறைத்து, ஹேண்டில்பாரை நேராகப் பிடித்துக் கடக்க வேண்டும்.

ஐந்தாம் கட்டம்: கழிவெளியும் திரும்பும் வழியும்

கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் போகும் 5 கி.மீ. சாலை இருபுறமும் நீர்ப்பரப்பையும் உப்பளங்களையும் கடந்து போகிறது. குளிர்காலத்தில் பூநாரைகளும் உள்ளான்களும் இங்கே மேய்வதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். வெயில் சாயும் நேரம் இதற்கு உகந்தது. பாலங்களின் மேல் நிற்காமல், தாண்டிய பிறகு ஓரமாக நிறுத்திப் பார்ப்பது நல்லது. கடற்கரைக்கு இணையாக ஓடும் பக்கிங்காம் கால்வாயும் இங்கே குறுக்கிடுகிறது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக இதன் பகுதிகளை வெட்டினார்கள். அன்றைய சென்னை மாகாண ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரே கால்வாய்க்கு நின்றுவிட்டது.

கேளம்பாக்கத்திலிருந்து வண்டலூர் போகும் 18 கி.மீ. புதுப்பாக்கம், மாம்பாக்கம், கண்டிகை வழியாகச் செல்கிறது. கல்லூரிகளும் குடியிருப்புகளும் பெருகியதால் போக்குவரத்து அதிகம். வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவை ஒட்டி ஜி.எஸ்.டி. சாலையைத் தொடலாம். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறந்த பிறகு இந்தப் பகுதியில் மாலை நேர நெரிசல் கூடியிருக்கிறது. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர் வழியாக மறைமலை நகர் சேரும் கடைசி 13 கி.மீ.யில் உடல் களைத்திருக்கும், கவனம் சிதறும். வண்டலூரில் ஒரு தேநீர் குடித்து, பத்து நிமிடம் உட்கார்ந்து, பின் விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும்.

தண்ணீரும் சாப்பாடும்

மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை தண்ணீர் தேவைப்படும். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மடக்கு குடிப்பது சரியான பழக்கம். வியர்வையில் உப்பும் போவதால் வெறும் தண்ணீர் மட்டும் போதாது. உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறு, நீர்மோர், இளநீர் ஆகியவை வழியெங்கும் கிடைக்கும். ஏப்ரல், மே மாதங்களில் திருக்கழுக்குன்றம் பக்கம் நுங்கும் கிடைக்கும். வாழைப்பழம், கடலை மிட்டாய் இரண்டும் பையில் இருக்கட்டும். தலைவலி, குமட்டல், வெயிலிலும் உடல் சிலிர்ப்பது, வியர்வை நின்றுபோவது இவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே நிழலில் ஒதுங்கி, தலையையும் கழுத்தையும் நனைக்க வேண்டும். அன்று மேற்கொண்டு மிதிக்கக் கூடாது.

பயணம் முடிந்த பிறகு

கடற்காற்றின் உப்பு ஒரே இரவில் செயினில் துரு ஏற்றிவிடும். வீடு சேர்ந்ததும் ஈரத்துணியால் வண்டியைத் துடைத்து, செயினை உலர்த்தி எண்ணெய் விட்டுவிட்டுத்தான் தூங்கப் போக வேண்டும்.

நீண்ட தூரம் ஓட்டிப் பழகாதவர்கள் முதலில் கோவளம் வரை போய் அதே வழியில் திரும்பும் 72 கி.மீ. பயணத்தை ஒரு முறை முடிக்கட்டும். அதற்கடுத்து மாமல்லபுரம் போய்த் திரும்பும் 84 கி.மீ. அதன் பிறகே முழுச் சுற்று. புறப்படும் நாளுக்கு முந்தின மாலை காற்று எங்கிருந்து வீசுகிறது என்று பார்த்து, அதன்படி செங்கல்பட்டுப் பக்கமா வண்டலூர்ப் பக்கமா என்று முடிவு செய்யுங்கள். அந்த ஒரு முடிவு சரியாக இருந்தால், உடல்நலமுள்ள எவரும் சாதாரண சைக்கிளில் இந்தச் சுற்றை முடித்துவிடலாம்.